எத்தனை துடிப்பு?

சில வாரங்களுக்கு முன் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது. நான்கு பக்கத் துண்டுப் பிரசுரம். ஹைதராபாத்தில் கருவிகள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம், தமிழ்நாட்டில் விற்பதற்காக ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தது. கருவி என்றால் ஒரு கேமரா. வயலோரம் கம்பத்தில் மாட்டிவிட்டால் ராத்திரியில் காட்டுப்பன்றி வருவதைக் கண்டுகொண்டு சைரன் ஒலிக்கும். நாய்க்கு ஒலிக்காது; தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதருக்கும் ஒலிக்காது. கையகல சோலார் தகடும் ஒரு பேட்டரியும் போதும். நிலக்கடலை போட்டுவிட்டு இரவெல்லாம் தகரம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கு வேண்டிய பொருள்தான்.

இரண்டு பக்கம் வேகமாகப் போயிற்று. மூன்றாவது பக்கத்தில் ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டேன். சாதாரண செயற்கை நரம்பு வலையை மின்சாரம் மிச்சப்படுத்தும் ‘ஸ்பைக்கிங்’ நரம்பு வலையாக மாற்றியிருப்பதால் இந்தக் கேமராவுக்கு ஆயிரம் மடங்கு குறைவான மின்சாரம் போதும் என்றது அந்த வாக்கியம்.

முதல் தொல்லை வார்த்தையில். ஸ்பைக் என்பதற்கு அகராதியில் முள் என்று இருக்கிறது, கூர்முனை என்று இருக்கிறது. ‘முள் வலை’ என்று நான் எழுதி, அதைப் படிக்கும் விவசாயி காட்டுப்பன்றிக்கு முள்வேலி விற்கிறார்கள் என்று நினைத்தால் தவறு அவருடையது அல்ல. நரம்பில் ஓடும் அந்தக் கணநேர மின்னதிர்வைத் துடிப்பு என்று சொல்லலாம் என்று தீர்மானித்தேன். துடிப்பு வலை. பரவாயில்லை, காதில் ஒட்டுகிறது.

இரண்டாவது தொல்லை பெரியது. ஆயிரம் மடங்கு குறைவு, சரி. எதைவிட? இருபது வருட மொழிபெயர்ப்பில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒப்பிடும் பொருளைச் சொல்லாமலே ஒப்பிட்டுவிடலாம். தமிழில் ‘விட’ என்று எழுத ஆரம்பித்தால் அதற்கு முன்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்தே தீர வேண்டும். அந்தப் பெயர்ச்சொல் பிரசுரத்தில் எங்கேயும் இல்லை.

என் அக்கா மகள் மாதாப்பூரில் ஒரு சிப் வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். ஏ.எம்.டி., குவால்காம், இன்டெல் என்று உலகத்தின் பெரிய சிப் நிறுவனங்கள் பலவற்றுக்கு ஹைதராபாத்தில் வடிவமைப்பு மையங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாதில் ஓர் இரானி டீக்கடைக்கு அவளை வரச் சொன்னேன். பிரசுரத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். “சித்தி, இது பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. எண்ணிச் சொல்றாங்க, அளந்து சொல்லல” என்றாள். அந்த வித்தியாசம் புரிய எனக்கு மூன்று டீ ஆயிற்று. புரிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். இனி வரும் ஆண்டுகளில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் உங்கள் வீட்டுக்கும் வரும்.

முதலில், இந்த மாற்றம் எதற்கு? இன்று படத்தைப் பார்த்துப் பன்றி என்று சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராமும், கேள்விக்குப் பதில் எழுதும் புரோகிராமும் செயற்கை நரம்பு வலைகளே. நரம்பு என்பது பெயரில்தான். உள்ளே நடப்பது பெருக்கலும் கூட்டலும். ஒவ்வொரு செயற்கை நரம்பணுவும் தனக்கு வரும் எண்களைத் தன்னிடம் உள்ள எண்களோடு பெருக்கி, கூட்டி, ஒரு விடையை அடுத்த வரிசைக்கு அனுப்புகிறது. படத்தில் ஒன்றுமே இல்லாத கும்மிருட்டாக இருந்தாலும் அத்தனை பெருக்கலும் நடந்தாக வேண்டும். இந்த வேலைக்கு வாங்கும் என்விடியா நிறுவனத்தின் எச்100 சிப் ஒன்றுக்கு 700 வாட் வரை மின்சாரம் வேண்டும்.

நம் தலைக்குள் இருக்கும் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அத்தனையும் சேர்ந்து செலவழிப்பது ஏறத்தாழ 20 வாட். ஒரு சிறிய பல்பின் செலவு. இந்தச் சிக்கனத்துக்கு ஒரு முக்கியக் காரணம், மூளையின் நரம்பணு சும்மா இருக்கத் தெரிந்தது. தனக்கு வரும் சமிக்ஞைகள் சேர்ந்து சேர்ந்து ஓர் எல்லையைத் தொடும் வரை அது வாய் திறப்பதில்லை. தொட்டதும் ஒரு துடிப்பு. பிறகு மறுபடி மௌனம். துடிப்புகள் எல்லாம் ஒரே அளவுதான். அழுத்தம் கூடினால் துடிப்பு பெரிதாவதில்லை, அடிக்கடி வருகிறது. இதை 1926-ல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் கண்டுபிடித்தார். 1932-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் பார்த்து அதே மாதிரி சிப் செய்தால் என்ன என்று கேட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கால்டெக்கில் இருந்த கார்வர் மீட். 1980-களிலேயே மூளையைப் போன்ற மின்சுற்றுகளைச் செய்ய ஆரம்பித்தார். இந்தத் துறைக்கு ‘நியூரோமார்ஃபிக்’ என்று பெயர் வைத்தவரும் அவரே.

சிப் செய்யலாம். அதற்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் கஷ்டம். சாதாரண வலை, தவறு செய்யும்போது எந்தப் பக்கம் நகர்ந்தால் தவறு குறையும் என்று சரிவைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. மலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குபவர் காலால் சரிவைத் தடவிப் பார்ப்பது போல. துடிப்புக்குச் சரிவு கிடையாது. ஒன்று உண்டு, இல்லையென்றால் இல்லை. ஒரு பெரிய படியின் மேல்தளத்தில் நின்று காலால் தடவினால் எல்லாப் பக்கமும் சமதளம்தான். எந்தப் பக்கம் இறங்குவது?

எனவே ஒரு குறுக்கு வழி யோசித்தார்கள். கற்றுக்கொள்வதைச் சாதாரண வலையே செய்யட்டும். கற்று முடித்த பிறகு அதன் அறிவை அப்படியே துடிப்பு மொழிக்குப் பெயர்த்துவிடுவோம். பிரசுரம் சொல்லும் மாற்றம் இதுதான். “நீங்க செய்யற வேலைதான் சித்தி” என்றாள் அக்கா மகள்.

எப்படிப் பெயர்ப்பது? அவள் சொன்ன உதாரணம் குழாயடி. குழாயில் தண்ணீர் வருகிறது. எவ்வளவு வேகமாக வருகிறது என்று பக்கத்துத் தெருவுக்குச் சொல்ல வேண்டும். ஆனால், ‘ஒரு குடம் நிரம்பிற்று’ என்று மட்டும்தான் கத்தலாம். வேறு பேச்சு கூடாது. குடத்தை வைக்கிறீர்கள், நிரம்புகிறது, கத்துகிறீர்கள், கொட்டிவிட்டு மறுபடி வைக்கிறீர்கள். பக்கத்துத் தெருக்காரர் எத்தனை கத்தல் என்று எண்ணிக்கொள்கிறார். பத்துத் தடவைக்கு ஏழு கத்தல் என்றால் 0.7. சாதாரண வலையில் ஓர் எண்ணாக இருந்தது இங்கே துடிப்பின் எண்ணிக்கையாகிவிட்டது.

இதில் மூன்று சிக்கல்கள். ஒன்று, குடத்தின் அளவு. ரொம்பச் சின்னக் குடம் என்றால் கத்திக்கொண்டே இருப்பீர்கள். அதற்கு மேல் தண்ணீர் கூடினாலும் கத்தலைக் கூட்ட முடியாது. ரொம்பப் பெரிய குடம் என்றால் நிரம்பவே நிரம்பாது. பல அடுக்குகள் தாண்டுவதற்குள் செய்தி செத்துப்போகும். ஒவ்வொரு அடுக்குக்கும் தக்க குடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை 2015-ல் பீட்டர் டீல் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். கையால் எழுதிய எண்களைப் படிக்கும் சோதனையில், பெயர்த்த வலைக்கு 99.1 சதவீதம் கிடைத்தது.

இரண்டாவது, மிச்சத் தண்ணீர். குடம் வழிந்து ஒரு சொம்பு அதிகம் விழுந்திருக்கிறது என்று வையுங்கள். முழுவதையும் கீழே கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தால் அந்தச் சொம்புத் தண்ணீர் கணக்கில் வராது. ஒவ்வொரு தடவையும் ஒரு சொம்பு போனால் கடைசியில் கணக்கு எங்கோ போய் நிற்கும். ஒரு குடத்தை மட்டும் கழித்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த குடத்துக்கு வைத்துக்கொள் என்பது தீர்வு. 2017-ல் சூரிச்சைச் சேர்ந்த போடோ ரூக்கவர் குழு, ஆழமான வலைகளைப் பெயர்க்கும்போது இது எவ்வளவு முக்கியம் என்று காட்டியது. கேட்டால் சின்ன விஷயம்; ஆனால் பெரிய வலைகளில் சின்ன விஷயங்கள்தான் கூடிக் கூடித் தவறாகின்றன.

மூன்றாவது சிக்கல், நேரம். இதுதான் என் பிரசுரத்துக்குச் சம்பந்தப்பட்டது. பத்துச் சுற்று எண்ணினால் 0.7 என்று சொல்லலாம். 0.73 என்று சொல்ல நூறு சுற்று எண்ண வேண்டும். எண்ணிக்கை நுட்பமாக வேண்டுமானால் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் துடிப்புகள் பெருகும். துடிப்புக்குத் துடிப்பு மின்சாரம்.

எவ்வளவு காத்திருக்க வேண்டியிருந்தது தெரியுமா? 2019-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் அபிரோனில் சென்குப்தா, கௌசிக் ராய் முதலியோர் 16 அடுக்கு கொண்ட ஒரு பெரிய வலையைப் பெயர்த்தார்கள். ஆயிரம் வகைப் பொருட்களை அடையாளம் காணும் சோதனையில் அது கிட்டத்தட்ட 70 சதவீதம் சரியாகச் சொன்னது. அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை. ஆனால் ஒரு படத்துக்கு 2,500 சுற்று வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டே அதே பர்டூவிலிருந்து பதில் வந்தது. நிதின் ராதி, கோபாலகிருஷ்ணன் சீனிவாசன், பிரியதர்ஷினி பாண்டா, கௌசிக் ராய் ஆகிய நால்வர் எழுதிய கட்டுரை. நான்கு பெயர்களையும் படித்துப் பாருங்கள். இந்தத் துறையில் நம்மவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். இவர்களில் கோபாலகிருஷ்ணன் சீனிவாசன் பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யின் கம்ப்யூட்டர் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

அவர்கள் செய்ததைக் கேட்டபோது எனக்குத் தொழில்முறைச் சந்தோஷம். முதலில் வழக்கம்போலப் பெயர்ப்பது. ஆனால் அதை முடிந்த வேலையாக எண்ணாமல் முதல் பிரதியாக எடுத்துக்கொள்வது. பிறகு துடிப்பு வலைக்கே கொஞ்ச காலம் பாடம் நடத்துவது. சரிவில்லாத படியைச் சரிவுப் பாதை என்று பாவித்துக்கொண்டு நடத்தினார்கள். பாடத் தொகுப்பை இருபது தடவைக்கும் குறைவாகப் புரட்டினாலே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் செய்வதும் இதுதான். வரிக்கு வரி பெயர்த்துவிட்டு, மூலத்தை மூடி வைத்து, தமிழைத் தமிழாகத் திருத்துவது. பலன், 2,500 சுற்று 250 ஆகக் குறைந்தது. சரியான விடை 65.19 சதவீதம். பத்தில் ஒரு பங்கு நேரம். கொடுத்த விலை ஏறத்தாழ ஐந்து சதவீதப் புள்ளி.

2022-ல் சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோங் பூ குழு வேறு பக்கத்திலிருந்து வந்தது. மூல வலையையே, அதன் எண்கள் படிப்படியாக மட்டும் ஏறும்படி, பெயர்ப்புக்கு வசதியாகப் பயிற்றுவித்துவிட்டால் என்ன? சிறிய படங்களைக் கொண்ட சோதனைகளில் நான்கே சுற்றில் நல்ல விடை வந்தது. மூல ஆசிரியர் மொழிபெயர்ப்பாளரை நினைத்துக்கொண்டு எழுதினால் எப்படி இருக்கும்! எனக்கு அந்தப் பாக்கியம் இதுவரை வாய்க்கவில்லை.

ஆக, பெயர்ப்பு நடக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு சிறப்பாக நடக்கிறது. இப்போது அந்த ஆயிரம் மடங்குக்கு வருவோம்.

2014-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் ஒரு பட்டியல் வெளியிட்டார். சிப்பில் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு சக்தி செலவாகிறது என்ற விலைப்பட்டியல் அது. அலகு பிகோஜூல், ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 45 நானோமீட்டர் சிப்பில் தசம எண்களைப் பெருக்க 3.7, கூட்ட 0.9. சாதாரண வலையில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல்: 4.6. துடிப்பு வலையில் பெருக்கல் கிடையாது. துடிப்பு வந்தால் இணைப்பின் எண்ணைக் கூட்டு, வராவிட்டால் சும்மா இரு: 0.9. இந்தத் துறைக் கட்டுரைகளில் ‘மிச்சம்’ என்று காட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டு எண்களை வைத்துப் போட்ட கணக்கு.

கணக்கை நீங்களே போடலாம். 4.6-ஐ 0.9-ஆல் வகுத்தால் ஐந்துக்குக் கொஞ்சம் மேல். அதாவது ஒரு படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் ஒரு நரம்பணு சராசரியாக ஐந்து தடவைக்கு மேல் துடித்தால் மிச்சமெல்லாம் போயிற்று. அதற்கு மேல் நஷ்டம். 2,500 சுற்று ஓடும் வலையில் 500 சுற்றுக்கு ஒரு தடவை துடித்தாலே ஐந்து ஆகிவிடும். 250 சுற்று வலையில் 50 சுற்றுக்கு ஒன்று. சுற்றைக் குறைக்க இத்தனை பேர் ஏன் மல்லுக்கட்டுகிறார்கள் என்பது இங்கே புரிந்தது.

அதே 45 நானோமீட்டர் சிப்புக்குச் சொல்லப்படும் இன்னொரு விலையும் இருக்கிறது. கணக்குப் போடத் தேவையான எண்ணைச் சிப்புக்கு வெளியே உள்ள நினைவகத்திலிருந்து எடுத்துவர 640 பிகோஜூல். கூட்டலுக்கு 0.9, கூட்ட வேண்டியதைக் கொண்டுவர 640. காய்கறி மலிவு, ஆட்டோச் சத்தம்தான் அதிகம் என்ற கதை. சாதாரண சிப்பில் துடிப்பு வலையை ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்க நேரலாம். பெருக்கலை மிச்சப்படுத்தி என்ன பயன்?

அதனால்தான் துடிப்பு வலைக்குத் தனிச் சிப் வேண்டும். நினைவகம் நரம்பணுவின் பக்கத்திலேயே குடியிருக்கும் சிப். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த தர்மேந்திர மோதாவின் தலைமையில் ஐ.பி.எம். 2014-ல் ‘ட்ரூநார்த்’ சிப்பை வெளியிட்டது. 10 லட்சம் நரம்பணுக்கள், 25.6 கோடி இணைப்புகள். மின்சாரம் 70 மில்லிவாட் அளவில். இன்டெல் 2017-ல் ‘லோய்ஹி’யைக் கொண்டுவந்தது. 2024-ல் அதன் இரண்டாம் தலைமுறைச் சிப்புகள் 1,152-ஐச் சேர்த்து 115 கோடி நரம்பணுக்கள் கொண்ட ‘ஹாலா பாயின்ட்’ கம்ப்யூட்டரை அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தது. அதிகபட்சம் 2,600 வாட். இவை கணக்குப் போட்டுச் சொன்ன சிக்கனம் அல்ல, அளந்து பார்த்த சிக்கனம். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறவை. வயலோரக் கேமராவுக்குள் இருப்பவை பெரும்பாலும் கடையில் கிடைக்கும் சாதாரண சிப்புகளே.

“இன்னொண்ணு கேளுங்க சித்தி” என்றாள். “எதிராளி யாருன்னு பாக்கணும்.” சாதாரண வலையும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நீண்ட தசம எண்களுக்குப் பதில் எட்டு இலக்க இரும எண்களைப் பயன்படுத்தினால் ஹோரோவிட்ஸ் பட்டியலின்படி பெருக்க 0.2, கூட்ட 0.03. இரண்டும் சேர்த்து 0.23. துடிப்பு வலையின் 0.9-ஐவிட இது குறைவு! துடிப்பு வலையும் சின்ன எண்ணுக்கு மாறலாம், மாறினால் மறுபடி முந்தலாம். ஆனால் ஒப்பிடும்போது ஒருவரைச் செருப்பில்லாமல் ஓடவிட்டு, இன்னொருவருக்கு நல்ல ஷூ கொடுத்துவிட்டு வெற்றியை அறிவிக்கக் கூடாது. 700 வாட் சிப்போடு ஒப்பிட்டால் எதுவும் ஆயிரம் மடங்கு சிக்கனம்தான். கைக்கடிகாரம்கூட.

அப்படியானால் துடிப்பு வலை ஏமாற்றா? இல்லவே இல்லை. அது ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதுவும் இந்தப் பிரசுரத்திலேயே இருக்கிறது. ராத்திரி வயலில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஒன்றும் நடக்காதபோது ஒன்றும் செலவழிக்காத கருவிதான் அங்கே வேண்டும். முழுப் படத்தையும் நொடிக்கு நொடி எடுக்காமல், எந்தப் புள்ளியில் வெளிச்சம் மாறுகிறதோ அதை மட்டும் துடிப்பாக அனுப்பும் கேமராவை சூரிச்சில் டோபி டெல்ப்ரூக் குழு 2008-ல் விவரித்தது. அந்த மாதிரிக் கேமராவும் துடிப்புச் சிப்பும் சேர்ந்தால், பன்றி வேலியைத் தாண்டும் வரை இரண்டும் ஏறக்குறையத் தூங்கும். மூளையின் சிக்கனம் உண்மையில் அதுதான். சாதாரணக் கேமராவில் எடுத்த அசையாப் படத்தை, பெயர்த்த வலைக்குள் போட்டுச் சுற்றுச் சுற்றாக எண்ணுவது அதில் பாதிதான்.

இதையெல்லாம் ஹைதராபாத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. இந்த ஊர் இப்போது இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. ஒரு பக்கம், மைக்ரோசாஃப்ட் இங்கே பெரிய டேட்டா சென்டர்களைக் கட்டப்போவதாக 2022 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் அமேசானின் மையங்கள் திறந்தன. சர்வதேச எரிசக்தி முகமையின் 2025 அறிக்கைப்படி, 2024-ல் உலகத்தின் டேட்டா சென்டர்கள் செலவழித்தது சுமார் 41,500 கோடி யூனிட். மொத்த மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030-ல் இது 94,500 கோடி யூனிட்டாக, இரண்டு மடங்குக்கும் மேலாக ஆகலாம் என்கிறது அறிக்கை. மறுபக்கம், என் அக்கா மகளைப் போன்றவர்கள் சிப்பில் ஒவ்வொரு மில்லிவாட்டாகக் குறைக்க ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே ஊரில் செலவும் சிக்கனமும்.

சிக்கனத்தின் பக்கம் நம் நாட்டில் வேலை நடக்காமலும் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேத்தன் சிங் தாக்கூர் குழு 2022-ல் ‘ஆர்யபட்’ என்ற சிப்பின் முதல் வடிவத்தைக் காட்டியது. அது துடிப்பு வலை அல்ல. டிஜிட்டல் முறைக்குப் பதில் அனலாக் முறையில் குறைந்த மின்சாரத்தில் நரம்பு வலைக் கணக்குகளைப் போட முயல்வது. வழி வேறு, கவலை ஒன்று. எல்லாக் கேள்விக்கும் பதில் எங்கோ இருக்கும் டேட்டா சென்டரில் என்று ஆகிவிட்டால், கரண்டும் நெட்வொர்க்கும் ஒழுங்காக இருக்கும் இடங்களுக்கு மட்டுமே இந்த அறிவு சொந்தம். சின்ன பேட்டரியில் கையடக்கமாக ஓடினால்தான் அது மலையடிவாரத்து வயலுக்கும் போகும், சப்-சென்டரில் நர்ஸின் கைப்பைக்கும் போகும். ஆகவே இந்தச் சிக்கனம் நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை இருப்பதால்தான் கணக்கும் சரியாக இருக்க வேண்டும் என்கிறேன். ஆயிரம் என்று நம்பி வாங்கியவரின் பேட்டரி மூன்றாவது ராத்திரி தீர்ந்தால், அடுத்து நிஜமாகவே நல்ல கருவி வரும்போதும் அவர் தகரத்தைத்தான் எடுப்பார்.

வீட்டுக்கு வந்து நிறுவனத்துக்கு மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினேன். ஆயிரம் மடங்கு என்பது எதைவிட? ஒரு படத்துக்குச் சராசரி எத்தனை துடிப்பு? இது எண்ணியதா, கருவியில் மீட்டர் வைத்து அளந்ததா?

நான்கு நாள் பதில் இல்லை. வேலை போயிற்று என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் ஒரு இளைஞர் போன் செய்தார். தெலுங்கு வாடை வீசும் ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாக, “மேடம், கணக்குதான், அளக்கலை. அந்த ஆயிரம், பெரிய சிப்போடு ஒப்பிட்டது” என்றார். அவர் இன்ஜினீயர். பிரசுரத்தை எழுதியது விற்பனைப் பிரிவு. அந்த வரியைப் பார்த்து அவருக்கும் உறுத்தியிருக்கிறது. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருக்கிறார்.

வாங்குகிறவருக்கு மடங்கு வேண்டாம், ஒரு தடவை பேட்டரி நிரம்பினால், வெயில் இல்லாத நாளிலும் எத்தனை ராத்திரி தாங்கும் என்று சொல்லுங்கள், போதும் என்றேன். அது நல்ல கேள்வி என்றார். அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

துண்டுப் பிரசுரம் இப்போது என் மேஜையில் முடிந்து இருக்கிறது, ஒரு வரியைத் தவிர. ‘ஒரு முறை சார்ஜ் ஏறினால், மேகமூட்டமான நாட்களிலும், ..... இரவுகள் இயங்கும்.’ அந்தப் புள்ளிகளின் இடத்தில் வரவேண்டிய எண்ணுக்காக இரண்டு கேமராக்கள் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு வயலில் விழித்துக்கொண்டிருக்கின்றன. எண் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதிவிடுவேன்.